படத்துக்கு ஊரும் தேதியும் போடுங்கள்: தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிச் செய்தியில், உக்ரைன் நாட்டுக் கார்கிவ் நகரத்துப் போர் என்று சொல்லி, "தீப்பிழம்பான கார்கிவ்" என்று தலைப்புப் போட்டு ஒரு காட்சி ஓடியது. கும்மிருட்டில் ஒரு விமானம். தரையிலிருந்து சிவப்புக் கோடு கோடாகக் குண்டுகள் மேலே போகின்றன. விமானம் சிதறுகிறது. எட்டு நொடிக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டீர்கள். நான் எண்ணியவரை பதினான்கு தடவை. பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்த என் மகன் நிமிர்ந்து பார்த்தான். "அப்பா, இது ஆர்மா 3. கேம். அங்க இருக்கும்போது நாங்களே விளையாடியிருக்கோம்" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

எந்தச் சேனல் என்று நான் எழுதப் போவதில்லை. ஒருவர் பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லோரும் தப்பித்துக்கொள்வீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

என் கோரிக்கை சின்னது. போர்க்காட்சி எதைப் போட்டாலும் அது எந்த ஊரில், எந்தத் தேதியில் எடுத்தது என்று திரையின் மூலையில் போடுங்கள். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று போடுங்கள். அதுவும் முடியாவிட்டால் அந்தப் படத்தைப் போடாதீர்கள்.

நான் மின்வாரியத்தில் 33 வருடம் வேலை பார்த்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது மின்சாரம் நிறுத்தியாயிற்று என்ற எழுத்து அனுமதி) வாங்காமல் யாரும் கம்பியைத் தொட மாட்டோம். எந்த ஃபீடர் (மின்பாதை), எத்தனை மணிக்கு நிறுத்தியது, யார் கேட்டது, யார் கொடுத்தது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "நிறுத்தியாச்சுன்னு சொன்னாங்க" என்று யாரோ சொன்னதை நம்பி ஏறியவன் உயிரோடு இறங்கியதில்லை. ஒரு படத்தை இத்தனை லட்சம் பேர் வீட்டுக்குள் அனுப்புகிறீர்கள். அதற்கு எல்.சி. வாங்குகிறீர்களா என்பதுதான் என் கேள்வி.

2022 மார்ச் 2 எனக்கு மறக்காது. அப்போது மகன் கார்கிவில் மருத்துவம் மூன்றாம் வருடம். போர் தொடங்கி ஏழாம் நாள். முந்தின நாள்தான் கர்நாடகத்து மாணவர் ஒருவர் அங்கே சாப்பாட்டுச் சாமான் வாங்க வரிசையில் நின்றபோது குண்டுவீச்சில் இறந்துபோனார். இரண்டாம் தேதி நம் தூதரகம் ஒரு அறிவிப்பு விட்டது. கார்கிவில் இருக்கும் இந்தியர்கள் எல்லோரும் உடனே கிளம்ப வேண்டும். வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது பிசோசின், பாபாய், பெஸ்லியூதிவ்கா ஆகிய மூன்று ஊர்களில் ஒன்றுக்கு அந்த ஊர் நேரப்படி மாலை ஆறு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பிசோசின் 11 கிலோமீட்டர், பாபாய் 12, பெஸ்லியூதிவ்கா 16. ரயில் நிலையத்தில் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே மணி ஆறு இருக்கும், மகன் போன் செய்தான். "நடக்க ஆரம்பிச்சுட்டோம்பா. சார்ஜ் ஒன்பது பர்சன்ட்தான் இருக்கு. அங்க போய்ப் பேசறேன்." அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது.

அப்புறம் எங்களுக்கு இருந்த ஒரே வழி நீங்கள்தான். டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். இரவு எட்டு மணிச் செய்தியில் "சற்றுமுன், கார்கிவ்" என்று போட்டு ஒரு வெடிப்பைக் காட்டினார்கள். ராத்திரி நேரம், உயரமான கட்டடங்களுக்குப் பின்னால் முதலில் ஒரு வெளிச்சம், பிறகு வானத்தையே பிளந்துகொண்டு ஒரு நெருப்புக் குடை. படம் எடுப்பவர்கள் ஜன்னலருகே நின்று ஆங்கிலத்தில் கத்துகிறார்கள். என் மனைவி அதைப் பார்த்தபடியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, அந்த வழியாத்தான நடந்து போறான்" என்று ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. தண்ணீர் கொடுத்தால் கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தாள். விடிந்து பார்த்தபோதும் அந்த டம்ளர் நிறையத்தான் இருந்தது.

மகன் பேசியது இங்கே அதிகாலை இரண்டு பத்துக்கு. பிசோசின் வந்து சேர்ந்திருந்தான். கால் முழுக்கக் கொப்புளம். மற்றபடி ஒன்றும் இல்லை. அங்கே மூன்று நாள் கிடந்து, ஐந்தாம் தேதி பஸ் வந்து, எல்லை தாண்டி, விமானம் ஏறி வந்தான். இந்திய அரசின் 'ஆபரேஷன் கங்கா' மீட்புப் பணியில் இப்படி வந்தவர்களையும் சேர்த்து உக்ரைனிலிருந்து திரும்பிய இந்தியர்கள் மொத்தம் இருபத்திரண்டாயிரத்துக்கும் மேல் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு நன்றி. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

அந்த நெருப்புக் குடை உக்ரைனே கிடையாது என்று ஒரு மாதம் கழித்து மகன்தான் காட்டினான். 2015 ஆகஸ்டில் சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் ரசாயனக் கிடங்கு வெடித்த காட்சி. அங்கே 170 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் சாவையும் நீங்கள் வேறு ஊருக்கு எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே எட்டு மணி என்றால் கார்கிவில் அப்போது மாலை நாலரை. நல்ல வெளிச்சம் இருக்கும் நேரம். 'சற்றுமுன்' எடுத்த படம் எப்படி நடுராத்திரியாக இருக்கும்? மணி பார்த்து லாக் புக் எழுதியே முடி நரைத்த எனக்கும் அன்றைக்கு அது உறைக்கவில்லை. பெற்றவனுக்கு அந்த நேரத்தில் கணக்கு வராது. ஆனால் உங்கள் செய்தி மேசையில் ஒருவருக்குமா வரவில்லை?

மகன் வந்துவிட்டான், பிறகு உனக்கு என்ன கார்கிவ் என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்கிறாள். அங்கே சால்டிவ்கா என்று ஒரு பகுதி. சோவியத் காலத்து அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக நிற்கும். அதில் ஐந்தாவது மாடியில்தான் மகனும் இரண்டு நண்பர்களும் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரப் பாட்டி எதிர் வீடு. பிள்ளைகள் நடந்து கிளம்பிய அன்று ஊறவைத்த வெள்ளரிக்காய் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியவர். பிசோசினில் முதல் ராத்திரி அவர்கள் சாப்பிட்டது அதைத்தான். பாட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். மொழிபெயர்ப்புச் செயலி வழியாக நானும் அவரும் பேசிக்கொள்வோம். நான் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கிறேன். அது அங்கே என்னவாகப் போய்ச் சேருகிறதோ, ஒவ்வொரு தடவையும் சமையலறையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார். அவர் பேசுவது ரஷ்ய மொழி. பிறந்தது முதல் அதுதான். 'ரஷ்ய மொழி பேசுவோரைக் காக்கவே இந்தப் போர்' என்று உங்கள் விவாதத்தில் ஒருவர் மேசையைத் தட்டிச் சொன்னாரே, அன்றைக்கு அந்தப் பாட்டி கரண்ட் இல்லாமல் ஐந்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்.

இந்தக் கரண்ட் விஷயத்தை நீங்கள் காட்டவே மாட்டேன் என்கிறீர்கள். எனக்கு அதுதான் போரின் பெரிய செய்தி. 2022 பிப்ரவரி 24 அன்று, படையெடுப்புக்குச் சில மணி நேரம் முன்புதான், உக்ரைன்காரர்கள் தங்கள் மின்தொகுப்பை ரஷ்யத் தொகுப்பிலிருந்து பிரித்து, சோதனைக்காகத் தனியாக ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். சோதனை முடிந்ததும் திரும்ப இணைப்பதாகத் திட்டம். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. அப்படியே தனித் தீவாக மூன்று வாரம் ஓட்டி, மார்ச் 16 அன்று ஐரோப்பியத் தொகுப்போடு சேர்த்துவிட்டார்கள். போர் நடக்கும் நாட்டில் ஃப்ரீக்வென்சியை (மின்சாரத்தின் அதிர்வெண்ணை) 50 ஹெர்ட்ஸில் நிற்க வைப்பது என்றால் என்னவென்று கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவனைக் கேளுங்கள். அந்த வருடம் அக்டோபரிலிருந்து குறிவைத்து அடிப்பதே துணை மின்நிலையங்களையும் அனல் நிலையங்களையும்தான். 2024 மார்ச் 22 அன்று அடித்த அடியில் கார்கிவ் நகரமே இருண்டது. வீட்டுக்குச் சூடு தரும் வெந்நீரும் அங்கே அந்த நிலையங்களிலிருந்துதான் குழாயில் வர வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எரிந்துபோனால் கடையில் போய் வாங்க முடியாது. சொல்லிச் செய்யவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் இருபது நாள் வேலை பார்த்தேன். ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் சாய்ந்திருந்தது. இடுப்பளவு சேற்றில் நின்று கம்பம் நட்டோம். நட்ட கம்பத்தைப் புயல் திரும்பி வந்து சாய்க்கவில்லை. உக்ரைனில் போர் திரும்பி வந்து சாய்க்கிறது. ஆள் வேலை செய்யும்போதே இன்னொரு குண்டு வந்து விழுகிறது. அந்த லைன்மேன்களை ஒரு நாள், ஒரு நிமிடம் காட்டியிருக்கிறீர்களா? ஏவுகணையின் பெயர், நீளம், வேகம் எல்லாம் உங்கள் செய்தி வாசிப்பாளர்களுக்கு மனப்பாடம். எரிந்த ஃபீடரை மறுபடி சார்ஜ் செய்தவனுக்குப் பெயரே கிடையாது.

ஸ்டுடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரையில் டாங்கி உருள, தலைக்கு மேல் கிராஃபிக்ஸ் விமானம் பறக்க, நடுவில் கோட்டுப் போட்டவர் குனிந்து தப்பிக்கிறார். மூன்றாம் உலகப்போர் உங்கள் புண்ணியத்தில் இதுவரை குறைந்தது நாற்பது தடவை தொடங்கிவிட்டது. நாற்பது தடவையும் விளம்பர இடைவேளையில் நின்றும்போனது. நகைக்கடைக்காரர்கள் உலக அமைதிக்கு இவ்வளவு செய்வார்கள் என்று நான் நினைத்ததில்லை.

சைரன் சத்தம் வேறு. என் போனில் கார்கிவ் மாவட்டத்துக்கான வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலி இருக்கிறது. அடித்தால் பாட்டிக்கு ஒரு செய்தி போட்டுவிட்டுக் காத்திருப்பேன். எல்லையிலிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். சில சமயம் சைரன் முடியும் முன்பே விழுந்துவிடும். நீங்களோ அந்தச் சத்தத்தைத் தலைப்புச் செய்திக்குப் பின்னணி இசையாக வைத்திருக்கிறீர்கள். மகன் திரும்பி வந்த புதிதில் டீக்கடை டி.வி.யில் அதைக் கேட்டதும் கண்ணாடி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மாடிப்படிக்கு அடியில் போய் நின்றான். டாக்டருக்குப் படித்த பையன். கடைக்காரர் டம்ளருக்குக் காசு வாங்கவில்லை. 2025 மே மாதம் நம் எல்லையிலேயே சண்டை வந்தபோது, இந்தச் சத்தத்தை நிகழ்ச்சிகளில் போடாதீர்கள், நிஜ எச்சரிக்கை வரும்போது மக்களுக்கு மரத்துப்போயிருக்கும் என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் 2022 ஏப்ரல் 23 அன்று, உக்ரைன் செய்திகளில் பொய்யும் மிகையும் வேண்டாம் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சேனல்களுக்கு எழுதியது. அந்தக் கடிதமெல்லாம் எந்த ஃபைலில் இருக்கிறதோ.

2009-இல் நாமும் இப்படித்தான் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். வன்னிக்குள் வெளிப் பத்திரிகையாளர் யாரையும் விடவில்லை. எங்கிருந்தாவது ஒரு படம் வராதா என்று தவித்த சனம் நாம். இன்றைக்குப் படம் கொட்டுகிறது. எந்த ஊர் என்று கேட்டால் பதில் இல்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். இரவு பகல் பாராமல் வேலை செய்கிறவர்கள் நீங்கள் என்பது தெரியும். ஷிப்ட் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். சரிபார்க்க ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. அந்த ஆர்மா 3 விளையாட்டைத் தயாரித்தவர்களே 2022 நவம்பரில் ஓர் அறிக்கை விட்டார்கள். படம் மங்கலாக இருக்கும், கேமரா ஆடும், பெரும்பாலும் இருட்டாக இருக்கும், சத்தம் இருக்காது, ஆட்கள் நடமாட்டம் தெரியாது; இப்படி இருந்தால் எங்கள் விளையாட்டாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று அடையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். விளையாட்டு விற்கிறவருக்கு இருக்கும் அக்கறையைச் செய்தி தருகிறவர்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே பணிவோடு திரும்பவும் கேட்கிறேன். படத்தின் மூலையில் ஊர், தேதி. கீழே ஓடும் விளம்பரப் பட்டையில் கால்வாசி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரிய ஃபோர்மேன்,
நாமக்கல்.

பி.கு.: கடந்த ஏழு மாதமாக எந்தத் தேதி, எத்தனை மணிச் செய்தி, என்ன காட்சி, உண்மையில் அது எங்கே எடுத்தது என்று, மகன் கண்டுபிடித்துக் கொடுத்தவரை, ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை 41 பதிவு. மணி போடாத பதிவு ஒன்றுகூட இல்லை. கேட்டால் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புகிறேன். தபால் செலவு என்னுடையது.