பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு: வெள்ளீயத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் பாயான் லெப்பாஸில் மின்னணுப் பலகைகளுக்கு சோல்டர் (உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கலவை) வைக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆறாம் ஆண்டு படிக்கும் என் மகள் போன வாரம் கேட்டாள்: "ஈயம் விஷம்னு சொல்றாங்களே அப்பா, அப்புறம் பாட்டி ஏன் ஈயச் சொம்புல ரசம் வைக்கிறாங்க?"

நல்ல கேள்வி. விஷம் காரீயம். ரசச் சொம்பிலும், ஈயம் தோண்டிய ஈயக்குட்டையிலும் நாம் 'ஈயம்' என்பது வெள்ளீயம். இரண்டையும் 'ஈயம்' என்றே சொல்லிவிட்டுப் போவதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். வகுப்பில் தயவுசெய்து பிரித்துச் சொல்லுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் அடி கழன்று விழுகிறது. நாங்கள் உருக்கும் காரீயமில்லாத சோல்டரில் 96.5 விழுக்காடு வெள்ளீயம். மீதி வெள்ளியும் செம்பும். தொட்டியில் அது கண்ணாடிபோல் மின்னும்.

அந்த உலோகம் மண்ணிலிருந்து எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் காட்டுவதில்லை. என் தாத்தா கிந்தா பள்ளத்தாக்கில் ஈயக் கப்பல் ஒன்றில், அதாவது ஈய மண்ணைத் தோண்டும் மிதக்கும் இயந்திரத்தில், எண்ணெய் போடும் வேலை பார்த்தார். வாளிச் சங்கிலியின் இரைச்சலில் காது மந்தமாகி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். குட்டையில் மிதந்தபடியே வாளிகள் அடிமண்ணைத் தோண்டி மேலே கொண்டுவரும். உள்ளே சல்லடையில் கல் பிரியும். பிறகு ஜிக் என்ற தொட்டிகளில் தண்ணீர் மேலும் கீழும் குலுங்கும். ஈயத் தாது தண்ணீரைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். கனமானது அடியில் தங்கும், மணல் வழிந்தோடும். டூலாங் என்ற மரத் தட்டில் மண்ணை அலசிச் சுழற்றிய பெண்கள் செய்ததும் இதுதான். பாலோங் என்ற மரக்கால்வாயில் குறுக்குச் சட்டங்கள் செய்ததும் இதுதான். இன்று பேராக் கிளியான் இந்தானில் பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, எக்ஸ்கவேட்டரால் லாரியில் அள்ளி, அரைத்துத் தூளாக்குகிறார்கள். அங்கும் தாதைப் பிரிப்பது அதன் கனம்தான்.

மற்ற உலோகச் சுரங்கங்களையும் சொல்லலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கங்களில் ஓட்டுநரே இல்லாத ராட்சத லாரிகள் ஓடுகின்றன. சுமார் 1500 கிலோமீட்டர் தள்ளி, பெர்த் நகரில் உட்கார்ந்து அவற்றைக் கண்காணிக்கிறார்கள். இதைக் கேட்டதும் என் மகள் சாப்பாட்டை மறந்துவிட்டாள்.

பினாங்கிலேயே தொடங்கலாம். டத்தோ கிராமாட் சாலையில் டைம்ஸ் ஸ்குவேர் எழுந்த இடத்தில் முன்பு ஈய உருக்காலை இருந்தது. பட்டர்வொர்த்தில் 1902இலேயே ஒன்று வந்துவிட்டது. அப்புறம் ஒரு நாள் பேருந்து எடுத்து பேராக்கின் தஞ்சோங் துவாலாங்குக்குப் போங்கள். 1938இல் கட்டிய 4500 டன் ஈயக் கப்பல் அங்கே நிற்கிறது. 1982 வரை ஓடியது. வாளி ஒன்றின் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் பாருங்கள்.

அதுவரை வகுப்பிலேயே ஒரு சோதனை செய்யலாம். மணலில் இரும்புத் தூளைக் கலந்து தண்ணீரில் சுழற்றினால் போதும், இரும்பின் கனம் தாதின் கனத்துக்குக் கிட்டத்தட்ட வரும். எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வருகிறேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என் தாத்தாவுக்குக் கொடுத்த டூலாங் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. விளிம்பில் சிறு வெடிப்பு, ஆனால் தண்ணீர் நிற்கும்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தந்தை