வாயிலேயே தொடங்கும் வேலை

அன்புள்ள கண்ணா,

"எச்சிலில் இருக்கிற நொதியை வயிற்று அமிலம் எப்படியும் முடக்கிவிடும், அப்புறம் எதற்கும்மா இவ்வளவு நேரம் மெல்லணும்?" என்று கேட்டாய். நல்ல கேள்வி. பாதி சரியும்கூட. அதனால்தான் நிதானமாக எழுதுகிறேன்.

அந்த நொதியின் பெயர் அமைலேஸ். காதுக்கு முன்னால், கன்னத்துக்குள் இருக்கும் சுரப்பிகளிலிருந்துதான் அதில் பெரும்பங்கு வருகிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸைக் கண்ணி கண்ணியாகக் கோத்த நீளமான சங்கிலி. அமைலேஸ் அதை நடுநடுவே வெட்டும். கடைசியில் இரண்டு கண்ணி உள்ள மால்டோஸும் இன்னும் சில சிறு துண்டுகளும் மிஞ்சும்.

வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இரு. முதலில் சப்பென்று இருக்கும். பருக்கை மசிந்து கூழாகும்போது நாக்கில் லேசாக இனிக்கத் தொடங்கும். அந்த இனிப்பு உன் வாய் அப்போதுதான் உண்டாக்கியது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அமைலேஸுக்கு ஏற்ற பிஎச் 7-ஐ ஒட்டியது (பிஎச் என்பது அமிலத்தன்மையைச் சொல்லும் எண்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்). 4-க்குக் கீழே போனால் அது செயலிழந்துவிடும், நீ சொன்னது உண்மைதான். ஆனால் விழுங்கிய உணவு இரைப்பையில் சிறிது நேரம் உருண்டையாகவே கிடக்கும். அமிலம் அதன் நடுவரை ஊறிப்போக அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதுவரை உள்ளே வெட்டு நடந்துகொண்டேதான் இருக்கும். வாயில் செரிப்பது கொஞ்சம்தான், அமைலேஸ் அதிகம் வெட்டுவது இரைப்பைக்குப் போன பிறகுதான். ஆனால் எச்சில் உணவோடு நன்றாகக் கலக்கிற இடம் வாய்தான். அவசரமாக விழுங்கினால் அந்த அரை மணி நேரம் வீணாகிவிடுகிறது.

பயப்படாதே, மிச்சத்தைச் சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் மசியாத பெரிய துண்டுக்குள் புக அதற்கும் நேரமாகும்.

இன்னொன்று, எச்சிலில் அமைலேஸ் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அதை உண்டாக்கும் மரபணுவுக்குச் சிலரிடம் இரண்டே நகல்கள் இருக்கும், சிலரிடம் பத்துக்கு மேல். தலைமுறை தலைமுறையாக மாவுச்சத்து நிறைய உண்டுவந்த மக்களிடம் நகல்கள் அதிகம் என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உன்னிடம் இருப்பதில் ஒரு பங்கு என்னிடமிருந்து, ஒரு பங்கு அப்பாவிடமிருந்து வந்தது.

சோற்றை மென்று பார்த்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் இனித்தது என்று எழுது. அப்பாவையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா