வரலாறு டீச்சருக்கு ஒரு கிளார்க்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் பேத்தி தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். 1860 நவம்பர் 16-ல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கியதை அவளுடைய சமூக அறிவியல் டீச்சர் புத்தகத்தோடு நிறுத்தவில்லை. பழைய கப்பல் பட்டியலின் நகலைக் கொடுத்து எண், தகப்பன் பெயர், சாதி, ஊர், உடம்பிலுள்ள தழும்பு என்று கட்டம் கட்டமாகப் படிக்க வைத்தார். “தழும்பை எதுக்குப் பாட்டி எழுதினாங்க?” என்றாள். ஆளை அடையாளம் பிடிக்கத்தான், வேறெதற்கு!

2000-ல் அரசு வகுத்த ஆசிரியர் பணிகள் ஏழு. ஆய்வு செய்வதும் குடிமைப் பொறுப்பு வளர்ப்பதும் அதில் சேர்த்தி. சரி, நேரம்? மார்க் பதிவதிலேயே டீச்சரின் பொழுது போகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் வரலாறு விருப்பப் பாடம்தான்; அதற்குள் இப்படிச் சொல்லிக்கொடுக்க அவருக்கு நேரம் வேண்டாமா? ஃபாரம் நிரப்பப் பள்ளிக்கு ஒரு கிளார்க்கையாவது போடட்டும்.

ஒரு பாட்டி,
சாட்ஸ்வொர்த்