எரிந்த மோட்டாரை அவளிடமே கொடு

மன்னார்குடி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு அரசு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இடம் கிடைத்தும், பையன்கள் நிறைந்த பட்டறைக்குப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று உன் மகன் தயங்குவதையும், அவளுமே இப்போது பின்வாங்குவதையும் எழுதியிருந்தாய். அவளுக்குத் தைரியம் வர என்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். சொல்லி வரும் தைரியம் அதிக நாள் நிற்பதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் பெண் பிள்ளைகளுக்கு மோட்டார் காயில் கட்டக் கற்றுக்கொடுக்கிறேன் அல்லவா? முதல் சில வாரங்கள் தன்னம்பிக்கை பற்றியே பேசினேன். ஆர்வமாகக் கேட்ட பிள்ளைகள், டெஸ்டரைக் கையில் கொடுத்ததும் என் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் எட்டு வயதிலேயே டேபிள் ஃபேனைப் பிரித்துப் பாழாக்கி, திட்டு வாங்கி, மறுபடியும் பிரித்தவர்கள். இவர்கள் காதில் விழுந்ததெல்லாம் "தொடாதே, ஷாக் அடிக்கும்" என்பதுதான். குறை அறிவில் இல்லை. கெடுத்துப் பழக யாரும் இவர்களை விடவில்லை.

ஆகையால் இப்போது முதல் நாளே எரிந்துபோன மோட்டாரைக் கொடுத்துவிடுகிறேன். அதற்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. குறுவை சமயத்தில் மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் பம்புசெட் நின்றுவிடாமல் மற்ற இரண்டு முனைகளில் திணறிக்கொண்டே ஓடி, சூடேறிக் காயில் கருகிவிடுகிறது. ஏற்கெனவே கெட்டதை இனிமேல் யார் கெடுக்க முடியும்? பழைய காயிலை வெட்டிச் சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, பள்ளங்களில் காப்புத் தாளைச் செருகி, புதுக் கம்பியை மூங்கில் சிம்பால் பதமாக உள்ளே தள்ளுவதற்குள் பயம் பாதி போய்விடுகிறது.

போன மாதம் ஒரு பெண், தன் முதல் மோட்டாரில் ஒரு முனையின் காயிலைத் திருப்பி இணைத்துவிட்டாள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் உறுமியதே தவிர வேகம் எடுக்கவில்லை. பிழை எனக்குத் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அது எவ்வளவு சிரமம் என்று சொல்லிக்கொடுத்த உனக்குத் தெரியும். மாலை நான்கு மணிக்கு அவளே கண்டுபிடித்தாள். அதன் பிறகு ரீவைண்டிங் கடைக்காரரிடம் கம்பியின் கேஜைப் பற்றி, அதாவது கனத்தைப் பற்றி, நிமிர்ந்து நின்று வாதாடுகிறாள்.

இன்னொன்று, பேத்தியைத் தனியாக அனுப்பாதே. 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்த லலிதா, நம் நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படித்ததும், பிற்பாடு பக்ரா நங்கல் திட்டத்தில் பணியாற்றியதும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை முன்னின்று அனுமதி பெற்றுத் தந்தார் என்பதையும், சிவில் பிரிவில் லீலம்மா ஜார்ஜும் த்ரேசியாவும் சேர்ந்த பிறகே அவருக்குத் துணை கிடைத்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. த்ரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். உன் பேத்தியின் வகுப்பில் இன்னொரு பெண்ணாவது சேர்கிறாளா என்று விசாரி. இல்லையென்றால் தெருவில் ஒருத்தியைச் சேர்த்துவிடு.

நான் முதலில் வேலை பார்த்த தொழிற்கூடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டேன். தனிக் கழிப்பறை வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. நாளை அவள் வேலைக்குச் சேரும்போது, சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேட்கட்டும்; கேட்பது உரிமை என்று இப்போதே சொல்லி வை.

செலவை நினைத்து உன் மகன் தயங்கினால், அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஐடிஐக்கும் உண்டு என்று சொல். நம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் அது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு நீடாமங்கலம் வழியாக வந்துவிடு. மகனும் வரட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும். வளையலைக் கழற்றிவிட்டு, பருத்திச் சுடிதாரில், முடியை இறுகக் கட்டிக்கொண்டு வரச் சொல். வடுவூரிலிருந்து வந்த ஐந்து எச்.பி. மோட்டார் ஒன்றை அவளுக்காகப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி