சொல்லிக்கொடுக்கிற நாளுக்கும் கூலி கொடுங்கள்: பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் கைவினைப் பட்டறை நடத்தும் விடுதி உரிமையாளர்கள், பள்ளி நிர்வாகிகள், விழாக் குழுவினர் எல்லோருக்கும்,

வணக்கம். கோத்தகிரி பக்கத்தில் தச்சு வேலை செய்கிறவன் நான். கதவு, ஜன்னல், கட்டில் இதெல்லாம்தான் என் தொழில். ஏழு வருடமாகச் சீசன் நேரத்தில் நீங்கள் கூப்பிடுகிற இடங்களுக்கு வந்து மரக்கரண்டி செதுக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலருடைய வீட்டு வாசற்கதவை மாட்டியதே நான்தான்.

போன மே மாதம் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். யார் இடத்தில் என்று நான் எழுதப்போவதில்லை. இடம் எதுவாக இருந்தாலும் கதை ஒன்றுதான். கற்றுக்கொள்ள 12 பேர் வருவார்கள் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் 38 பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய் வசூலித்திருந்தார்கள் என்பது வந்திருந்த ஒரு அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மொத்தம் 57,000 ரூபாய். சாயந்திரம் சொல்லிக்கொடுக்க வந்த எங்களுக்கு ஒரு பொன்னாடை, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. கடைசியில், “பெட்ரோலுக்கு வெச்சுக்கோங்க அண்ணே” என்று 500 ரூபாய்.

நான் கேட்பது ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கிற நாளுக்குக் கூலி கொடுங்கள். எவ்வளவு என்பதைக் கூப்பிடும்போதே எழுதிக் கொடுங்கள்.

இரண்டு மணி நேர வகுப்புக்கு இவ்வளவு பேசுகிறானே என்று உங்களுக்குத் தோன்றலாம். நீங்கள் பார்ப்பது அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்தான். அதற்கு முன்னாடியும் பின்னாடியும் நடப்பதைச் சொல்கிறேன்.

கரண்டிக்கு முதலில் மரம் வேண்டும். தேயிலைத் தோட்டம் முழுக்கச் சில்வர் ஓக் நிற்கிறது, உண்மைதான். ஆனால் வாயில் வைக்கிற சாமானுக்கு நான் அதை எடுப்பதில்லை. கண்ட மரத்தை வெட்டவும் முடியாது. 1955லேயே மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்கச் சட்டம் வந்துவிட்டது, அது இருக்கவேண்டிய சட்டம்தான். அதனால் யார் வீட்டுத் தோட்டத்திலாவது காற்றுக்குப் பேரிக்காய் மரம் சாய்ந்ததா, பழைய கிளை கழித்தார்களா என்று விசாரித்துக்கொண்டே இருப்பேன். கிடைத்ததைத் தலைச்சுமையாகவோ ஆட்டோவிலோ கொண்டுவருவேன். அதைக் கோடாலியால் பிளக்கவேண்டும். ரம்பத்தால் அறுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நார் குறுக்கே அறுபட்டுவிடும். பிளந்தால் நார் போகிற வழியிலேயே கட்டையும் பிரியும். புதிதாக உளி பிடிக்கிறவர் கைக்குப் பிளந்த கட்டைதான் சொன்னபடி கேட்கும். பிளந்த ஒவ்வொரு கட்டையையும் கரண்டியின் தோராய வடிவத்துக்குக் கொண்டுவந்து ஈரச் சாக்கில் சுற்றி வைக்கவேண்டும். பச்சை மரம் ஒரே ராத்திரியில் வெடித்துவிடும். இதற்கே இரண்டு நாள் போய்விடுகிறது.

அப்புறம் உளி. உளி கூராக இருந்தால்தான் கை தப்பும். மொட்டை உளியை அழுத்தித் தள்ளவேண்டியிருக்கும், அழுத்தித் தள்ளினால் அது வழுக்கும், வழுக்கினால் நேராக இடது கைக்குத்தான் வரும். அதனால் வகுப்புக்கு முந்தின ராத்திரி ஒவ்வொரு உளியையும் கல்லில் தீட்டி, முன்னங்கை மயிரைச் சிரைத்துப் பார்த்துத்தான் பெட்டியில் வைப்பேன். அன்றைக்கு நான் கொண்டுபோனது 14 உளி. 12 பேருக்கு அது தாராளம். 38 பேரிடம் அந்த 14 உளியும் கைமாறிக்கொண்டே இருந்தன. மரச் சுத்தியலுக்கு, அதாவது கொட்டாப்புளிக்குப் பதில் கல்லை எடுத்துத் தட்டினார்கள். உளி சிமெண்ட் தரையில் விழுந்தது, நாற்காலி ஆணியில் உரசியது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, பிள்ளைகள் ஆசையாகத்தான் செய்தார்கள். நான் ஒருவன் 38 பேரின் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒரு பையனுக்குக் கட்டைவிரலில் வெட்டுப் பட்டது. ஆழமில்லை. அந்த இடத்தில் முதலுதவிப் பெட்டிகூட இல்லை. என் பெட்டியில் இருந்த பிளாஸ்திரியைத்தான் ஒட்டினேன். அந்தப் பையன் அழாமல், “அங்கிள், கரண்டியை முடிச்சுக்கலாமா?” என்று கேட்டான். அவனை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் மேலாளர் வந்து எல்லோர் முன்னாடியும், “பார்த்துச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா அண்ணே?” என்றார். 12 பேர் என்று சொல்லி 38 பேரை உட்காரவைத்தவர் அவர்தான். அந்த நேரத்தில் நான் பதில் பேசவில்லை. இப்போது இந்த மடலில் பேசுகிறேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் 9 உளியின் வாய் பல்லுப் பல்லாகப் போயிருந்தது. மிஷினில் சாணை பிடித்தால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் சூடேறி இரும்பு நீலமாக மாறினால் உளியின் பதம் போய்விடும், அப்புறம் அது எதற்கும் ஆகாது. தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கவேண்டும். எங்கள் பக்கத்துக் குளிரில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும். மூன்று ராத்திரி அந்த வேலை. அந்த மூன்று நாளும் ஒரு வீட்டு ஜன்னல் வேலை நின்றது, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன். ஆக, நீங்கள் இரண்டு மணி நேரம் என்று சொல்கிற வகுப்பு எனக்கு ஆறு நாள்.

அன்றைக்கு என்கூடச் சொல்லிக்கொடுக்க வந்தவர் இந்த மலையின் பழங்குடியான தோடர் அக்கா ஒருவர். பூத்துக்குளி என்கிற அவர்கள் சால்வையில் போடுகிற அந்தச் சிவப்பும் கறுப்புமான வேலையைத்தான் அவர் சொல்லிக்கொடுக்கிறார். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. துணியில் கோடு கிடையாது, அச்சு கிடையாது, துணியை இழுத்துப் பிடிக்கிற சட்டமும் மாட்டுவதில்லை. வெள்ளைத் துணியின் இழையைக் கண்ணாலும் விரலாலும் எண்ணி எண்ணித்தான் ஊசி போடுவார். ஒரு இழை தப்பினால் அந்த வரிசையே சாய்ந்துவிடும், பிரித்துத்தான் மறுபடி போடவேண்டும். ஒரு சால்வை முடிய வாரக்கணக்கில் ஆகும். அன்றைக்கு ஒரு சமயத்தில் அவரைச் சுற்றி இருபது பேர். ஒவ்வொருவர் துணியையும் வாங்கி, தப்பின இடத்தைப் பிரித்து, மறுபடி எண்ணிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். உட்காரவைத்த இடத்தில் வெளிச்சமும் போதவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, துடைத்துத் துடைத்து எண்ணினார்.

அவருக்குத்தான் அன்று சாயந்திரம் பளபளவென்று ஒரு நைலான் பொன்னாடையைப் போர்த்தினார்கள். அதைக் கழற்றி, மடித்து, அவர் பையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாரக்கணக்கில் இழை எண்ணிச் சால்வை செய்கிற ஒருவருக்குச் சால்வை போர்த்திக் கணக்கை முடித்துக்கொண்டார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சொன்னேன். “விடு தம்பி, கேட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க” என்றார்.

இந்த மடலை நான் எழுதுவதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம். எங்களில் யாரும் வாய் திறக்காதது எங்களுக்குக் கூலி வேண்டாம் என்பதால் இல்லை. பயத்தால்தான்.

கூலி கேட்டால் “உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்ல” என்கிறீர்கள். ஏழு வருடத்தில் வகுப்புக்கு வந்த ஒரு சுற்றுலாப் பயணியும் என்னிடம் கதவு செய்யச் சொன்னதில்லை. சென்னையில் வீடு கட்டுகிறவர் கோத்தகிரியில் கதவு செய்யச் சொல்ல மாட்டார், அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. விளம்பரம் கிடைப்பது உங்கள் இடத்துக்கு. அது கிடைக்கட்டும், நல்லதுதான். 2024 மே மாதத்திலிருந்து இங்கே வருகிற வண்டிகளுக்கு ஆன்லைன் அனுமதியான இ-பாஸ் வந்திருக்கிறது, சீசனில் வண்டி எண்ணிக்கைக்கு வரம்பும் வந்துவிட்டது. வருகிறவர்களை ஒரு நாள் கூடத் தங்கவைக்க உங்களுக்கு இந்தப் பட்டறைகள் தேவைப்படுகின்றன. உங்கள் தொழில் நடக்கவேண்டும் என்று நாங்களும் நினைக்கிறோம். ஆனால் உங்கள் தொழிலுக்கு ஆகிற செலவில் எங்கள் கூலியும் ஒன்று.

நூறு நாள் வேலைக்கே 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்கு 336 ரூபாய் என்று ஆக்கினார்கள். மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில், பயிற்சிக்கு வந்து கற்றுக்கொள்கிறவருக்கே நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை. நம் மாநிலம் அந்தத் திட்டத்தை ஏற்காமல் தனியாக வேறு திட்டம் கொண்டுவந்தது, அது வேறு பேச்சு. கற்றுக்கொள்கிறவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார், அந்த நாளுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். கற்றுக்கொடுக்கிறவரும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

இந்த மலைக்கு இது புதிய வழக்கமும் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரிலேயே இந்த மலையின் பழங்குடியான கோத்தர்கள் இருக்கிறார்கள். இரும்பு, மரம், மண் மூன்றிலும் கை வைத்தவர்கள் அவர்கள். கோத்தர் செய்த கருவியும் பானையும் தோடர் குடியிருப்பான மந்துக்கும், மலையில் விவசாயம் செய்த படகர் ஊருக்கும் போயின. பதிலுக்குத் தோடரிடமிருந்து நெய்யும் படகரிடமிருந்து தானியமும் வந்தன. காட்டிலிருந்து தேன் கொண்டுவந்த குறும்பரும் அந்தக் கணக்கில் இருந்தார்கள். வேலையை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புகிற பழக்கம் இங்கே இருந்ததில்லை.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனசில் ரொம்ப நாளாக இருப்பது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அதே மாதிரி டிசைனை மிஷினில் அடித்துப் பையிலும் தலையணை உறையிலும் போட்டு விற்பதைப் பார்க்கிறேன். இன்னொரு கைவேலையையும் பாருங்கள். அந்நியத் தாவரங்களை அகற்றவேண்டும் என்று 2022இல் மாநில அரசு கொள்கை வெளியிட்டது. சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் உண்ணிச்செடியும் (லாண்டனா) மலை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. உண்ணிச்செடிக் குச்சியை மணிக்கணக்கில் வேகவைத்து, தோலை உரித்து, சூட்டோடு வளைத்து நாற்காலி செய்யத் தெரிந்தவர்கள் முதுமலை, கூடலூர்ப் பக்கம் இருக்கிறார்கள். அவர்களிடம் அடுத்த ஆள் கற்றுக்கொள்ளவேண்டாமா? சொல்லிக்கொடுப்பதற்கு மரியாதை மட்டும் உண்டு, கூலி கிடையாது என்றால் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள்? என் மகனுக்கு நன்றாக உளி பிடிக்கத் தெரியும். கோயமுத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்த மே மாதம் அவன் போன் பண்ணி, “மொத்தமா என்னப்பா கொடுத்தாங்க?” என்று கேட்டான். 500 என்று சொன்னேன். அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

சரி, எங்கேயோ போய்விட்டேன். கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு வருடம் முன்னாடி ஒரு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். வணக்கம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்க நாள் கூலி எவ்வளவு?” என்பது. அடுத்த கேள்வி, “எத்தனை பிள்ளைங்க இருந்தா உங்களுக்குச் சமாளிக்க முடியும்?” நான் பத்து என்றேன். பத்துப் பேரைத்தான் அனுப்பினார்கள். கட்டைக்கும் போக்குவரத்துக்கும் தனியாகக் கொடுத்தார்கள். அந்தப் பத்துப் பிள்ளைகளும் கரண்டியை முடித்து, உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் பூசி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு உளியும் பழுதாகவில்லை.

அந்த டீச்சர் கேட்ட இரண்டு கேள்வியை நீங்களும் கேளுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். நாள் கூலி எவ்வளவு, எத்தனை பேர். சாமான் செலவையும் பஸ் காசையும் கூலியில் சேர்க்காதீர்கள். இதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். எனக்குக் கொடுப்பதைப் போலவே தோடர் அக்காவுக்கும், கூடை பின்னுகிறவருக்கும், கம்பளி பின்னச் சொல்லிக்கொடுக்கிற அம்மாக்களுக்கும் கொடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். கேட்க மாட்டார்கள்.

இந்த வருட சீசனுக்கு இப்போதே மூன்று இடத்திலிருந்து போன் வந்துவிட்டது. மூவரிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். ஒருவர் சம்மதித்தார், இருவர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நல்ல பதிலாகச் சொல்லுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பேரிக்காய் மரம் சாய்ந்தது, பேசி வைத்திருக்கிறேன். பிளந்து ஈரச் சாக்கில் சுற்ற எனக்கு இரண்டு நாள் வேண்டும், அதனால் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தச்சு வேலை செய்கிற ஒருவன்,
கோத்தகிரி