தேர்வில் தேறியவருக்குக் கால்சைன் எப்போது?

அமெச்சூர் வானொலி, அதாவது பொழுதுபோக்காகத் தனிநபர் இயக்கும் ‘ஹாம்’ வானொலிக்கு உரிமம் வழங்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

தேர்வு முடிந்து, உரிமத்துடன் தரப்படும் நிலைய அடையாளக் குறியான கால்சைன் கைக்கு வரும்வரை ஒரு விண்ணப்பம் எத்தனை மேசைகளைக் கடக்கிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதை நான் விவரிக்கப் போவதில்லை. என்னிடம் பயின்ற கல்லூரி மாணவி ஒருவரைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

தொடக்கநிலை உரிமமான ரெஸ்டிரிக்டெட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை என்று தெரிந்தும், நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தை எட்டும்வரை பழகி, அதற்கு மேல்நிலையான ஜெனரல் கிரேடு தேர்வையே எழுதித் தேறியவர் அவர். பதினான்கு மாதங்களாக அவருடைய விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. மொட்டை மாடியில் அவரே கட்டிய டைபோல் ஆன்டெனாவின் செம்புக் கம்பி களிம்பேறிவிட்டது. ஞாயிறுதோறும் என் நிலையத்துக்கு வந்து, 40 மீட்டர் அலைவரிசையில் பிறர் பேசுவதைக் கேட்டுக் குறிப்பெடுத்துவிட்டுப் போகிறார். சென்ற வாரம், “மோர்ஸ் அடிக்கும் கை வேகம் குறைந்துவிட்டது, ஐயா” என்றார். எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

பாதுகாப்புச் சரிபார்ப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேறியவருக்கு இத்தனை நாளுக்குள் கால்சைன் வழங்கப்படும், மறுப்பதானால் காரணம் எழுத்தில் தரப்படும் என்று ஒரு கெடு வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். உரிமம் இருக்கிறதா என்று கேட்காமலே இணையக் கடைகளில் வாக்கி டாக்கி விற்றுக்கொண்டிருந்த நாட்டில், முறைப்படி உரிமம் கேட்டவர்தான் சந்தேகத்துக்குரியவராக நிற்கிறார். உரிமம் 20 ஆண்டுக்குச் செல்லும் என்பதால், ஓரிரண்டு ஆண்டுக் காத்திருப்பு பெரிதல்ல என்று எண்ணுகிறீர்களோ என்னவோ!

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தமானைத் தாக்கித் தொலைபேசித் தொடர்பு அறுந்தபோது, அம்மாதத் தொடக்கத்தில்தான் அனுமதியுடன் போர்ட் பிளேர் சென்றிருந்த ஹாம் குழுவினர் தீவுகளின் செய்தியை வெளியே கொண்டுவந்தனர். அந்த அனுமதி ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் அங்கே ரிக் எனும் வானொலிக் கருவியும் இருந்திருக்காது, இயக்குவோரும் இருந்திருக்க மாட்டார்கள். பேரிடர் வந்தால் எங்களை அழைக்கிறீர்கள், மகிழ்ச்சியுடன் வருகிறோம். வருவதற்கு ஆள் வேண்டாமா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. கால்சைன் வழங்கக் கெடு ஒன்றை நிர்ணயித்து அறிவிக்குமாறு மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். மாணவியின் விண்ணப்ப எண்ணைத் தனி மடலில், நான்காம் முறையாக, அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
ஹாம் நிலைய உரிமதாரர் ஒருவர்