சுவருக்குள் ஓடும் பொதுக்குழாய் யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீட்டில் சிலிங் ஒழுகத் தொடங்கினால் மூன்று தரப்பும் சொல்வது ஒன்றுதான்: "அது எங்கள் பைப் இல்லை." கீழ்வீட்டார் மேல்வீட்டாரைக் கைகாட்டுவார். மேல்வீட்டார் நிர்வாகத்தைக் காட்டுவார். நிர்வாக அலுவலகமோ, "வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரர் பாடு" என்று கையை விரித்துவிடும். அதிகம் கேட்கும் பதில் இதுதான். பல நேரங்களில் தவறான பதிலும் இதுதான்.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் 2015 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கும் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (வீடு தனி உரிமை, பொது இடம் கூட்டு உரிமை என்ற குடியிருப்பு) நிர்வாகச் சட்டம் (சட்டம் 757), குழாய் யார் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அது எத்தனை வீடுகளுக்குப் பயன்படுகிறது என்றுதான் பார்க்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கான குழாய், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய் எல்லாம் பொதுச் சொத்து. அதைப் பழுதுபார்ப்பது கட்டடத்தின் நிர்வாக அமைப்பான ஜேஎம்பி (கூட்டு நிர்வாக அமைப்பு) அல்லது எம்சியின் (நிர்வாகக் கழகம்) கடமை. செலவு எல்லாருடைய பராமரிப்புக் கட்டணத்திலிருந்தும் வர வேண்டும்.

ஒரு வீட்டுக் குளியலறையின் டைல்ஸுக்குப் பின்னால், கூரைத் தொட்டியிலிருந்து பத்து மாடிக்கும் இறங்கும் தாய்க்குழாய் ஓடினால் அது பொதுக்குழாய். அந்த வீட்டுக்காரர் அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறானதும் உண்டு. அதைத்தான் பலர் ஏற்க மறுக்கிறார்கள். சில பழைய ஃபிளாட்டுகளில் மீட்டர்கள் எல்லாம் ஓரிடத்தில் வரிசையாக இருக்கும். அங்கிருந்து வீட்டுக்கு ஒரு குழாயாக வெளிச்சுவரில் ஏறும். அந்தச் சுவர் பொதுச் சொத்துதான். ஆனால் மூன்றாம் மாடி வீடு ஒன்றுக்கு மட்டும் போகும் குழாய், அது எத்தனை அடி வெளியே ஓடினாலும், அந்த வீட்டாருடையது. அதேபோல் மேல்வீட்டுக் குளியலறையின் கழிவுக்குழாய், தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டுச் சிலிங்குக்கு மேலே உள்ள வெற்றிடத்தில் ஓடும். கண்ணுக்குத் தெரிவது கீழ்வீட்டில், பொறுப்பு மேல்வீட்டாருக்கு. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன.

எல்லை எங்கே? தாய்க்குழாயில் கிளை பிரியும் 'டி' இணைப்பில். 'டி' வழியாகத்தான் அடுத்த மாடிக்கும் தண்ணீர் போகிறது என்பதால் அது பொதுவானது. அதிலிருந்து வீட்டுக்குள் வரும் கிளையும் வால்வும் அந்த ஒரு வீட்டுக்கு உரியவை. ஒழுகுவது 'டி'யின் மரையிலா, இரண்டு அங்குலம் தள்ளிக் கிளையிலா என்பதைப் பொறுத்துப் பில் கைமாறும். எனவே சுவரை உடைத்ததும் சிமெண்ட் பூசுவதற்கு முன் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூசிய பிறகு வரும் வாக்குவாதத்துக்கு முடிவே கிடையாது.

சண்டைக்கு முன் சோதனை வேண்டும். மேல்வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடி, கழிவறைத் தொட்டிக்குப் போகும் வால்வையும் அடைத்து, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க யாரும் தண்ணீர் தொடாமல் காலையில் எண் கூடியிருந்தால், அந்த வீட்டின் குழாயில்தான் கசிவு. வினாடிக்கு ஒரு சொட்டு என்றால்கூட நாளொன்றுக்குப் பல லிட்டர் போகும், ஆனால் அவ்வளவு சிறிய கசிவை மீட்டர் காட்டாமலும் போகலாம். எண் அசையாமல் கீழே மட்டும் சொட்டிக்கொண்டே இருந்தால், தாய்க்குழாயைச் சந்தேகிக்க வேண்டும். குளிக்கும்போதும் துணி துவைக்கும்போதும் மட்டும் ஒழுகினால், அது கழிவுக்குழாய் அல்லது தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு. தரைத் துவாரத்தை அடைத்து 25 மில்லிமீட்டர் தண்ணீரை 24 மணி நேரம் தேக்கினால் பூச்சு பழுதா என்பது தெரியும். துவாரத்தில் ஒரு நிறச் சாயமும் கைகழுவும் தொட்டியில் வேறு நிறமும் ஊற்றினால் எந்தக் குழாய் என்பது தெரியும். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வெளிச்சுவர். ஏர்கோன் குழாயின் உறை கிழிந்து வியர்க்கும் தண்ணீரை 'பைப் உடைந்துவிட்டது' என்று எண்ணி டைல்ஸை உடைப்பதும் நடக்கிறது.

அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். ஊறிய கான்கிரீட் பல நாள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வால்வை மூடிய ஒரு மணி நேரத்தில் சொட்டு நிற்கவில்லை என்பதற்காக மேல்வீட்டார் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார்.

சிலிங்கில் ஈரம் தெரிந்தால் நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் போதாது. புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் நேரில் பார்க்க வேண்டும். பார்த்து முடித்த 5 நாளுக்குள் காரணம் என்ன, யார் பொறுப்பு என்று 28ஆம் படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். பொறுப்பாளி என்று குறிக்கப்பட்டவர் 7 நாளுக்குள் பழுதுபார்க்கத் தேவையான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் நிர்வாகமே செய்து, செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம். வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல்வீட்டில்தான் என்பது சட்டத்தின் அனுமானம். அதனால் மேல்வீட்டார் மீட்டர் சோதனையைத் தாமே செய்து வைத்துக்கொள்வது அவருக்கே நல்லது. சான்றிதழில் உடன்பாடு இல்லாதவர் கட்டட ஆணையரான சிஓபியிடம் போகலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நடைமுறை சிலிங்கில் தெரியும் ஈரத்துக்கு மட்டும்தான். பக்கத்து வீட்டிலிருந்து சுவர் வழியாக வரும் கசிவுக்கு 28ஆம் படிவம் பொருந்தாது. யாருடைய குழாய் என்ற அடிப்படை மட்டும் மாறாது.

அடுத்தது கதவு திறக்கும் விவகாரம். பொதுக்குழாய் உங்கள் வீட்டுக்குள் இருந்தால் செலவு உங்களுடையது இல்லை. ஆனால் நியாயமான முன்னறிவிப்போடு வருபவர்களை உள்ளே விட்டே ஆக வேண்டும். குழாய் வெடித்த அவசரத்தில் முன்னறிவிப்பும் தேவையில்லை. மாடியிடைக் கசிவுச் சோதனைக்கு இடம் கொடுக்காதவருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க விதிமுறையில் இடமிருக்கிறது. "நாங்கள் வேலைக்குப் போய்விடுவோம்" என்று ஆறு மாதம் இழுப்பவர்கள் இதை அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

உடைத்த டைல்ஸை யார் போடுவது? பொதுக்குழாய்க்காக உடைத்தால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது நிர்வாகத்தின் கையில் இருப்பதே நியாயம். ஆனால் அதே நிற டைல் இப்போது கடையில் கிடைக்காது. ஒரு சுவர் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும். அனுமதி இல்லாமல் குழாய்த் தண்டின் (மேலிருந்து கீழ்வரை ஓடும் தாய்க்குழாய்) மேல் பலகையடித்து அலமாரி கட்டியவர், அந்த அலமாரிக்கும் நிர்வாகத்திடம் விலை கேட்பது சரியல்ல. வேலைக்கு முன்பே எவ்வளவு உடைக்கப்படும், என்ன டைல் போடப்படும் என்று இருதரப்பும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. மறுபடி பூசும்போது, வால்வுக்கும் 'டி'க்கும் நேராக 450 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரு திறப்புக் கதவு வைத்துவிட்டால் அடுத்த முறை சுத்தியல் தேவைப்படாது.

பழைய கட்டடங்களின் உண்மையான நோய் துருப்பிடித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தாய்க்குழாய். துத்தநாகப் பூச்சு போனபின் இரும்பு உள்ளுக்குள் மெலியும். மரை வெட்டிய இடத்தில் சுவர் ஏற்கெனவே மெல்லியது என்பதால் முதலில் அங்கேதான் பிய்யும். பித்தளை வால்வை நேராக முறுக்கிய இடத்தில் அரிப்பு இன்னும் வேகம். ஒரு மாடியில் கிளாம்ப் போட்டு நிறுத்தினால், உடைத்த அதிர்விலும் மறுபடி ஏறும் அழுத்தத்திலும் இரண்டு மாடி தள்ளி இன்னொன்று ஒழுகும். கிளாம்ப் தற்காலிகம். மாடி மாடியாக ஒட்டுப்போட்டுச் செலவழிப்பதைவிட, ஒரு தண்டை மேலிருந்து கீழ்வரை ஒரேயடியாக மாற்றுவது மலிவு. பிபிஆர் எனும் பிளாஸ்டிக் குழாய் போட்டால் இணைப்பை 260 பாகை செல்சியஸில் சூடேற்ற வேண்டும்: 25 மில்லிமீட்டர் குழாய்க்கு 7 வினாடி, 50 மில்லிமீட்டர் குழாய்க்கு 18 வினாடி. அதிகம் சூடேற்றினால் உருகிய பிளாஸ்டிக் உள்ளே திரண்டு துளையை அடைக்கும். பிறகு மேல்மாடியில் தண்ணீர் நூலாக வருகிறது என்ற புகார் வரும். சுவரை மூடுவதற்கு முன், வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மாற்றுவதுதான் மாற்றுகிறீர்கள், புதிய தண்டை வீடுகளுக்குள் போடாமல் நடைபாதைப் பக்கம் கொண்டுவந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கேயே ஒரு வால்வு வையுங்கள். வீட்டுக்குள் ஒரு சிறு கிளை மட்டும் நுழையும். நுழைய அனுமதி, டைல்ஸ், பூட்டிய வீடு என்ற முக்கால்வாசிச் சச்சரவு தீர்ந்துவிடும். இதற்கான பணம் பராமரிப்புக் கட்டணத்தின் மேல் 10 விழுக்காடாக நாம் கட்டும் சிங்கிங் ஃபண்ட் எனும் சேமநிதி. பொதுப் பொருத்துகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும்தான் அது இருக்கிறது. அதை அன்றாடச் செலவுக்கு எடுத்துத் தீர்த்துவிட்ட நிர்வாகங்கள், குழாய் வெடிக்கும் நாளில் அவசர வசூலுக்கு வந்து நிற்கின்றன.

உயர்ந்த கட்டடங்களில் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் நீர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். கூரைத் தொட்டி 60 மீட்டர் மேலே இருந்தால், இடையிலுள்ள அழுத்தக் குறைப்பு வால்வு பழுதானதும் கீழ்மாடிகளில் 6 பார் ஏறும். ஒரே வாரத்தில் கீழ்மாடி வீடுகள் பலவற்றில் நெளிகுழாய் வெடித்தால், ஒவ்வொருவரும் தன் நெளிகுழாயை மாற்றிவிட்டு இருந்துவிடக் கூடாது. நெளிகுழாய் அவரவருடையது, ஆனால் அந்த வால்வு பொதுவானது. அழுத்தமானியை மாட்டிக் காட்டும் எண்ணைக் குறித்து நிர்வாகத்திடம் கொடுங்கள்.

தரைவீட்டு ஸ்ட்ராட்டாவிலும் இதே அடிப்படைதான். மூன்று வீடுகளுக்கான குழாய் ஒருவருடைய கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் போனால் அது பொதுக்குழாய். அதன் மேல் கான்கிரீட் ஊற்றும் முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். மேம்பாட்டாளரிடமிருந்து வர வேண்டிய அந்த வரைபடங்கள் நிர்வாக அலுவலகத்தில் இருக்கின்றனவா என்று அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே கேளுங்கள். வீட்டுச் சாவி கைக்கு வந்து 24 மாதம் ஆகாதிருந்தால், குறைபாட்டை முதலில் மேம்பாட்டாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் நிர்வாகம் அசையாவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை விசாரிக்கும், பெரும்பாலும் வழக்கறிஞர் தேவைப்படாது. புகார்க் கடிதத்தின் நகல், அது பெறப்பட்டதற்கான முத்திரை, மீட்டர் எண்கள், தேதியிட்ட படங்கள், 28ஆம் படிவம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழ் தரப்படவே இல்லை என்றால், கேட்டு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறை வாசகர்கள்,
சிலாங்கூர்